நம்பர் பெட்டிக்கு ஊதுபத்தி

எங்கள் மே லூன் ஊரின் காற்று மிகச் சுத்தமானது. அதற்கு அரசாங்க ஆதாரமே இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அதை நட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை மட்டும் பார்ப்பது கொஞ்சம் சிரமம், புகை மறைக்கும்.

ஊரைச் சுற்றி நாலு பக்கமும் மலை. வாணலியின் அடியில் நாங்கள் குடியிருக்கிறோம். குளிர்காலம் முடிகிற சமயத்தில் குளிர்ந்த காற்று இந்தப் பள்ளத்தில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல உட்காரும். அதன்பிறகு எதுவும் அசையாது. சரியாக அந்த நேரம் பார்த்து மலைச்சரிவில் மக்காச்சோளத் தட்டையை எரிப்பார்கள், காட்டில் சருகு எரியும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் தங்கள் பங்குக்கு எரிப்பார்கள். மே மாதத்து மழை வந்து மூடியைத் திறக்கும்வரை, மலை இருந்த இடத்தில் இன்னும் மலை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு வாழ வேண்டியதுதான்.

இதை வட்டாட்சியர் அடிசோர்ன் எங்களுக்கு ஒரு கூட்டத்தில் விளக்கியிருக்கிறார். அவர்தான் புகைத் தடுப்புப் போர்க்கால மையத்தின் தலைவர். அதற்கென்று பளபளவென்று ஒரு பச்சை மேலங்கி வைத்திருந்தார், முதுகில் 'போர்க்களம்' என்று எழுதியிருக்கும்.

“எரிக்கிறது ஒரு காரணமே இல்லைங்க,” என்றார். “எல்லா ஊர்லயும்தான் எரிக்கிறாங்க. அங்க புகை கிளம்பிப் போயிடுது. இங்க மலை நிக்குது. மலை நிக்கிறதால புகையும் நிக்குது. நான் போன வருஷமே மேலிடத்துக்கு எழுதிட்டேன். மலை என் அதிகார வரம்புல வராது, வனத்துறையிலதான் கேக்கணும்னு பதில் வந்திருக்கு.”

நாங்கள் கை தட்டினோம். கை தட்டினால்தான் பசையரிசிச் சோறும் பொரித்த கோழியும் உள்ள பொட்டலம் கொடுப்பார்கள்.

அதே கூட்டத்தில்தான் அறுபது நாள் எரிப்புத் தடையையும் தொடங்கி வைத்தார். தொடக்க விழாவுக்கு வாணவேடிக்கை நன்றாக இருந்தது. தடை வரப் போகிறது என்று ஒரு வாரம் முன்பே தெரிந்துவிட்டதால் ஊரே அவசர அவசரமாக எரித்து முடித்திருந்தது. எரிக்காமல் விட்டவர்கள், தடைக்காலத்தில் எரிப்பதற்கான அனுமதிக்கு மனு போட்டார்கள். மனு கொடுத்த எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. அந்த விஷயத்தில் அலுவலகம் சுறுசுறுப்பானது.

பிறகு தலைநகரிலிருந்து காற்றை அளக்கும் கருவி வந்தது. கம்பத்தின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் ஓடுகிற எண். அதற்குப் பெரிய உத்தியோகப் பெயர் இருந்தது, நாங்கள் நம்பர் பெட்டி என்போம். மொட்டைப் பெட்டி புகைப்படத்தில் எடுப்பாக இல்லை என்று அடிசோர்ன் குறைப்பட்டார். தச்சரை அழைத்து அதற்கு ஒரு சின்னக் கூரை போடச் சொன்னார். தச்சர் தனக்குத் தெரிந்த கூரையைப் போட்டார். சிவப்புச் சாயம், தங்கக் கோடு, இரண்டு ஓரத்திலும் வளைந்து மேலே போகிற கொம்பு.

எங்கள் பக்கத்தில் எந்த நிலத்திலும் அந்த நிலத்தின் தெய்வத்துக்குக் கம்பத்தின் மேல் ஒரு சின்ன வீடு கட்டுவோம். நம்பர் பெட்டி இப்போது அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. இதைக் கவனிக்க வேண்டியவர்கள் அன்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டிக்கு ஒரு விதியும் கூடவே வந்திருந்தது. எண் எழுபத்தைந்தைத் தாண்டினால் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரியில் இருக்கிற சுத்தக் காற்று அறையைத் திறந்து, மூச்சுக் கோளாறு உள்ளவர்களை உள்ளே படுக்க வைக்க வேண்டும். தாண்டாவிட்டால் அறைக்குப் பூட்டு. அந்த அறையில் காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரங்கள் மூன்று இருந்தன. ரிப்பன் வெட்டித் திறந்த அன்று மட்டும் ஓடின.

இப்போது கம்பானுக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் சிவப்பு ஷேர் வண்டி ஓட்டுகிறவன். அவன் மனைவி சேங்லா, மார்க்கெட்டில் பச்சை மிளகாயைச் சுட்டு இடித்து விற்றவள். அவள் மிளகாய்த் துவையலைவிட அவள் வாய்க்குத்தான் ஊரில் பெயர் அதிகம். கம்பானைத் திட்டத் தொடங்கினாள் என்றால் கடைத்தெருவே வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்கும். நிறுத்தற்குறி இல்லாத திட்டு அது.

மூன்று வருஷமாக அவளுக்கு நுரையீரல் சரியில்லை. மழைக்காலத்தில் ஒரு குறையும் இல்லை. புகைக்காலம் வந்தால் போச்சு. இந்த வருஷம் மார்ச் பிறந்ததும் அவளால் கம்பானை முழுசாகத் திட்ட முடியவில்லை. “ஏன்யா, உனக்கு...” என்று தொடங்குவாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். மிச்சத் திட்டு என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்துக் கம்பானுக்குத் தூக்கம் போனது. நல்ல காற்றில் வைத்திருக்காவிட்டால் அடுத்த மழையை இவள் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கதையில் வேடிக்கை இல்லாத விஷயம் இது ஒன்றுதான்.

கம்பான் அவளை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். சுத்தக் காற்று அறையின் சாவி நர்ஸ் விலாயின் இடுப்பில் தொங்கியது.

“அறையைத் திறந்து விடு தங்கச்சி,” என்றான்.

“திறக்க முடியாதுண்ணே. இன்னிக்கு நம்பர் முப்பத்தொண்ணுதான். நல்ல காத்தாம்.”

“ஜன்னல் வழியாப் பாரு. எதிர்ல இருக்கிற பெட்ரோல் பங்க் தெரியுதா?”

விலாய் பார்த்தாள். “தெரியலண்ணே.”

“அப்புறம்?”

“நான் என்ன செய்யட்டும் சொல்லு. எனக்கும் கண்ணு எரியுது. ஆனா நம்பர் முப்பத்தொண்ணுன்னா கண்ணு எரியிறதுக்கு வேற காரணம் இருக்கணும்னு சுற்றறிக்கை போட்டிருக்காங்க.”

சேங்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்தது.

கம்பான் நேராக அலுவலகத்துக்கு வண்டியைத் திருப்பினான். அங்கே ஒரு தீயணைப்பு வண்டி நம்பர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பெட்டி குளித்து முடித்த யானைக்குட்டி போல நின்றது. மழை பெய்த மண் வாசனை வந்தது. அந்த நாலு அடி வட்டத்துக்குள் காற்று உண்மையிலேயே ரொம்பச் சுத்தமாக இருந்தது என்று கம்பான் என்னிடம் சொன்னான்.

வட்டாட்சியர் அவனை உட்கார வைத்தே பேசினார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார்.

“ஊர்ல காடு எரியுதுங்க, தண்ணிய இங்க அடிக்கிறீங்களே ஐயா,” என்றான் கம்பான்.

“காடு ரொம்பப் பெரிசு தம்பி. எங்ககிட்ட இருக்கிறது ஒரே வண்டி. இருக்கிற தண்ணிய எங்க அடிச்சா பலன் தெரியும்னு யோசிக்கணும். நிர்வாகம்னா அதுதான்.”

“என் பொண்டாட்டிக்கு மூச்சு விட முடியலைங்க.”

“புரியுது, புரியுது. ஆனா அவங்க ஒரு ஆள். நம்பர் ஒட்டுமொத்த வட்டாரத்துக்குமானது. ஒரு ஆளுக்காக வட்டாரத்தோட ஆரோக்கியத்தக் கெடுக்க முடியுமா சொல்லு. இந்த வருஷம் தூய காற்று வட்டார விருது நமக்கு வரப்போகுது. தலைநகர்லேர்ந்து அம்மா ஒருத்தங்க நேர்ல வராங்க. அதுவரைக்கும் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்லு.”

இதைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கும் இருமல் வந்தது. ஏசியின் கோளாறு என்றார்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் ஜன்டீ அக்கா. மார்க்கெட் வாசலில் மல்லிகை மாலை கட்டி விற்கிறவள். எங்கள் ஊரில் லாட்டரிச் சீட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை, ஆனால் ஜன்டீ அக்கா அளவுக்கு அதைத் தவமாகச் செய்கிறவர்கள் கிடையாது. வாழை மரம் இரண்டு தார் போட்டால் ஒரு எண் பார்ப்பாள். கன்றுக்குட்டி ஐந்து காலோடு பிறந்தால் மாலையோடு கிளம்பிவிடுவாள். அன்று ஏதோ வேலையாக அலுவலகத்துக்குப் போனவள், கொம்பு வைத்த கூரையையும் அதற்குள் தானாக ஓடுகிற எண்ணையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள்.

அன்று தீயணைப்பு வண்டி புகை விழிப்புணர்வு ஊர்வலத்துக்குப் போயிருந்தது. பெட்டி காய்ந்து கிடந்தது. அக்கா மாலையைப் போட்டு, மூடி திறந்து குழாய் செருகிய சிவப்புச் சோடா பாட்டிலை வைத்து, கை கொள்ளாத ஊதுபத்தியைக் கொளுத்தி வேண்டிக்கொண்டாள்.

“கேக்கறியா இத,” என்று பிறகு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். “நான் கும்பிடறப்ப நாப்பதோ என்னமோ இருந்துச்சு. வேண்ட வேண்ட ஏறுது. எந்தச் சாமிய்யா இப்படிக் கண்ணெதிர்ல பதில் சொல்லுது? எண்பத்தேழுல வந்து நின்னுச்சு பாரு, எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.”

எண்பத்தேழில் முடிகிற சீட்டை வாங்கினாள். விழுந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் எங்கள் ஊருக்கு அது போதும். மறுநாள் காலை அலுவலக வளாகத்தில் திருவிழா. மாலை, சோடா, வாழைப்பழம், மரத்தில் செய்த சின்னச் சின்ன யானைகள். ஊதுபத்திப் புகையில் கொடிக்கம்பமே காணாமல் போனது. எண் இருநூறைத் தாண்டி முந்நூறை நோக்கிப் போனது.

எண் எழுபத்தைந்தைத் தாண்டியதும் நர்ஸ் விலாய் விதிப்படி சுத்தக் காற்று அறையைத் திறந்தாள். கம்பானுக்குத்தான் முதலில் போன் போட்டாள். அன்று சேங்லா அந்த அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். எழுந்ததும், “ஏன்யா, உனக்கு வண்டி ஓட்டுற வேலை...” என்று வழக்கத்தைவிட மூன்று வார்த்தை அதிகமாகத் திட்டினாள்.

கம்பான் லாட்டரி வாங்குகிறவன் இல்லை. ஆனால் அன்றிலிருந்து தினம் ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கினான். பெண்டாட்டிக்கு நல்ல காற்று வேண்டும் என்றால் போய்ப் புகை போட வேண்டும் என்பது அவன் தலைக்குள் சுலபமாக இறங்கவில்லை. என்னிடம் இரண்டு தடவை கேட்டான். “சரியாத்தான் செய்யறேனா?” என்றான். மே லூனில் இதைவிடச் சரியாகச் செய்ய முடியாது என்று சொன்னேன்.

போர்க்கால மையம் அவசரமாகக் கூடியது. பெட்டி முன்னால் இருக்கிற ஊதுபத்தியைப் பிடுங்கி எறிந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் யார் பிடுங்குவது? அடிசோர்னுக்கு முன்பு இருந்த அதிகாரி, வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று ஒரு தெய்வ வீட்டை நகர்த்தி வைத்தார். அந்த மாதமே படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டார். இதை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை, எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

“தெய்வ நம்பிக்கையில நிர்வாகம் தலையிடாது,” என்று அடிசோர்ன் அறிவித்தார். “அதே சமயம் தெய்வமும் நிர்வாகத்துல தலையிடக் கூடாது.”

முதலில், பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் ஊதுபத்தியை இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் சந்தோஷமாக வாங்கி அதையும் வைத்தார்கள், பக்கத்தில் நிஜத்தையும் கொளுத்தினார்கள். பிறகு தீயணைப்பு வண்டிக்கு உத்தரவு போனது. ஓட்டுநர் முதலில் பெட்டியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஊதுபத்தியின் மேல் தண்ணீர் அடித்தார். திரும்பி வந்து வண்டியை எடுத்தால் கிளம்பவில்லை. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். ஓட்டுநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். வண்டி கிளம்பிய பிறகும் அந்த வளாகத்துக்குள் வர மாட்டேன் என்றுவிட்டார். அதனால் அன்று முதன்முறையாக அந்த வண்டி தண்ணீரோடு காட்டுப் பக்கம் போனது. கொஞ்சம் தீ அணைந்ததாகவும் கேள்வி.

கடைசியில் முறைப்படி பூசை செய்து, தெய்வத்தை வேறு இடத்துக்குப் போகும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்வது என்று முடிவானது. வெள்ளை உடுத்திய பூசாரி வந்தார். மக்கள் தொடர்பு அதிகாரி கைபேசியில் நேரலை போட்டார். இப்படிப்பட்ட பூசைக்கு ஊதுபத்தி இல்லாமல் எப்படி? அடிசோர்ன் போர்க்கள அங்கியோடு முழங்காலிட்டு, பூசாரி கொடுத்த கனத்த ஊதுபத்திக் கட்டைப் பெட்டியின் மூக்குக்கு நேரே பிடித்தார். பூசாரி மந்திரத்தை நிதானமாகச் சொல்கிறவர். நேரலையில் எண் ஏறிக்கொண்டே போவதை மாகாணமே பார்த்தது. நானூற்றுப் பன்னிரண்டு. நேரலைக்குக் கீழே எங்கள் ஊர்க்காரர்கள், எந்தக் கடையில் சீட்டு கிடைக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அடிசோர்ன் விளக்கம் கொடுத்தார். “இது மாசோட அளவு இல்லைங்க. இது பக்தியோட அளவு. நம்ம வட்டாரத்துல பக்தி அபாயக் கட்டத்தைத் தாண்டியிருக்கு.”

விருதுக்கு ஆள் வரும் நாள் நெருங்கியது. அதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், அதை மறுக்க முடியாது. தெய்வத்தை நகர்த்த முடியாது, ஊதுபத்தியைத் தடுக்க முடியாது. ஆனால் தெய்வத்துக்கு ஒரு கண்ணாடி மண்டபம் கட்டிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு கதவு, உள்ளே ஏசி. ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள் வெளியே கொளுத்தலாம். எண்ணை மட்டும் வெளியே ஒரு பெரிய திரையில் காட்டுவார்கள். ஜன்டீ அக்காவுக்கே அது பிடித்திருந்தது. “சாமிக்கு வெக்கையா இருக்கும்னு நானும் நெனச்சேன்,” என்றாள்.

உள்ளே சுத்தம் செய்கிற இயந்திரங்கள் வேண்டியிருந்தன. புதிதாக வாங்க நேரமில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று இருந்தன.

கம்பானுக்கு நர்ஸ் விலாயிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, மெஷினெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே. சேங்லா அக்கா இங்க வெறும் ரூம்ல படுத்திருக்கு. என் பேச்ச ஒருத்தரும் கேக்கல.”

கம்பான் மறுபடி அலுவலகத்துக்கு ஓடினான். அடிசோர்ன் குரலை உயர்த்தவில்லை.

“யோசிச்சுப் பாரு தம்பி. மெஷின் ஆஸ்பத்திரியில இருந்தா ஒரு இருபது பேருக்குத்தான் பிரயோஜனம். இங்க இருந்தா மொத்த வட்டாரத்துக்கே காத்து சுத்தமாகுது.”

“எங்கைய்யா சுத்தமாகுது?”

அடிசோர்ன் திரையைக் காட்டினார். எண் ஆறில் நின்றது. எங்கள் ஊரில், ஏன், அந்த மாகாணத்திலேயே அப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. அடிசோர்னின் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது. அவர் பின்னால் மலை இருந்த இடத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது.

அன்று சேங்லாவால் பேச முடியவில்லை. சைகை காட்டித் திட்டினாள். அதைக் கம்பான் வந்து என்னிடம் செய்து காட்டினான். அந்த நிமிஷம் அந்தக் கண்ணாடி வீட்டைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது, பொய் சொல்லவில்லை.

விருது நாள். பந்தல், பூங்கொத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம். நடனம் பாதியில் நின்றது, பிள்ளைகள் இருமினார்கள். தலைநகரிலிருந்து வந்த அம்மையார் முதல் வரிசையில் உட்கார்ந்து திரையையே ரசித்துக்கொண்டிருந்தார். ஆறு.

அப்போதுதான் கம்பானின் சிவப்பு வண்டி வளாகத்துக்குள் வந்தது. அவன் சேங்லாவைக் கைத்தாங்கலாக இறக்கினான். கண்ணாடி வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்ற வைத்தான். கும்பிட வந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கதவைத் திறந்தான், அவளை உள்ளே உட்கார வைத்தான், தானும் உட்கார்ந்தான், கதவைச் சாத்திக்கொண்டான். திரையில் ஆறு பதினான்காகி, மெல்ல மறுபடி ஏழுக்கு வந்தது.

அடிசோர்ன் கண்ணாடியோடு ஒட்டி நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“கம்பான், வெளிய வா.”

“சரிங்கய்யா,” என்று கம்பான் எழுந்து கதவுப்பிடியில் கையை வைத்தான்.

“கதவத் திறக்காத.”

“அப்புறம் எப்படிங்கய்யா வெளிய வர்றது?”

அடிசோர்ன் திரையைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். “அங்கயே உக்காரு,” என்றார்.

அதற்குள் அம்மையாரே எழுந்து வந்துவிட்டார். “யார் இவங்க?”

“இவங்க... இவங்கதான் மேடம் காற்றுப் பரிசோதகர்கள். மெஷின் சொல்றத மனுஷங்க வச்சுச் சரிபார்க்கிறோம். நம்ம வட்டாரத்துல மட்டும்தான் இந்த முறை.”

அம்மையாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணாடியைத் தட்டி, “எப்படிம்மா இருக்கு காத்து?” என்று கேட்டார்.

சேங்லா கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். “உள்ள நல்லா இருக்குங்க,” என்றாள். “வெளிய நீங்கதான் நிக்கிறீங்க. நீங்க சொல்லுங்க.”

அம்மையார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தது தப்பு. இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே முடியவில்லை அவரால், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார், முகம் பெட்டியின் கூரை நிறத்துக்கு வந்தது. “திறம்மா,” என்று கையால் காட்டினார்.

சேங்லா தயங்கினாள். “திறந்தா நம்பர் ஏறிடும்னு ஐயா சொல்றாருங்க.”

ஆனால் அவளுக்குக் கல் மனசு கிடையாது. நகர்ந்து இடம் கொடுத்தாள். அம்மையார் உள்ளே வந்தார். அவர் பின்னால் அவருடைய உதவியாளர். உதவியாளர் போனால் மாகாண அதிகாரி போகாமல் இருப்பாரா. அவர் போனால் அடிசோர்ன் எப்படி வெளியே நிற்பது. பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக, குனிந்து, செருப்பைக் கழற்றி, முன்னால் போகிறவருக்கு வழிவிட்டு உள்ளே போனார்கள். அத்தனை மரியாதைக்கும் கதவு திறந்தே இருக்க வேண்டியிருந்தது. திரையில் எண் முப்பதாகி, அறுபதாகி, எண்பத்தொன்றில் வந்து நின்றது. கடைசி ஆள் கதவைச் சாத்தினார்.

வெளியே நர்ஸ் விலாய் நின்றிருந்தாள். கூடவே ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி.

“ஐயா, எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு,” என்று கண்ணாடி வழியாகக் கத்தினாள். “விதிப்படி ரூமத் திறக்கணும். மெஷின் குடுங்க.”

உள்ளே யாரும் அசையவில்லை. அம்மையார் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடத் தொடங்கியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், “நம்பர் இறங்கட்டும். அதுவரைக்கும் யாரும் கதவத் திறக்காதீங்க.”

“மேடம் சொல்றது சரி,” என்றார் அடிசோர்ன். “இப்ப நாம வெளிய போனா வட்டாரத்தோட காத்து கெட்டுப் போயிடும்.”

சேங்லா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். நடனமாடிய பிள்ளைகளில் ஒன்று பந்தல் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அவள் கைக்குப் பக்கத்திலேயே சுவரில் மூன்று பிளக்குகள் இருந்தன. மூன்றையும் பிடுங்கினாள்.

“தூக்குய்யா,” என்றாள் கம்பானிடம்.

அவன் தூக்கினான். பரிசோதகரை யார் தடுப்பது? வட்டாட்சியர் வாயாலேயே கொடுத்த பதவி. திறந்த கதவு திறந்தபடி கிடக்க, மூன்று இயந்திரங்களும் தள்ளுவண்டிக்குப் போயின, அங்கிருந்து சிவப்பு வண்டிக்கு. அந்தப் பிள்ளையையும் கம்பானே தூக்கி வண்டிக்குள் போட்டுக்கொண்டான். கண்ணாடி வீட்டுக்குள் அதிகாரிகள் எழுந்து, யார் முதலில் வெளியே போவது என்று பதவி வரிசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் எண் கிடுகிடுவென்று ஏறியது. ஜன்டீ அக்கா மாலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

“ஐயாமாரே, கதவ மட்டும் சாத்திடாதீங்க,” என்றாள். “இன்னும் ஏறுது.”

விருது எங்களுக்குத்தான் வந்தது. விழா தொடங்கிய நேரத்து எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தலைநகரில் ஒரு விதி இருக்கிறதாம். கேடயம் இப்போது கண்ணாடி வீட்டுக்குள் பெட்டியின் காலடியில் இருக்கிறது. யாரோ அதற்கும் மாலை போட்டிருக்கிறார்கள்.

அன்று ஆஸ்பத்திரி அறையில் மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டில் எல்லாம் நிறைந்திருந்தது. இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டு அந்தப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் போனபோது சேங்லா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பான் தரையில் உட்கார்ந்து மாண்டரின் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

“ஏன்யா, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா, மெஷினத் தூக்கத் தெரியுது, ஊரான் பிள்ளையத் தூக்கத் தெரியுது, பொண்டாட்டி செருப்ப அந்தக் கண்ணாடி வீட்டு வாசல்ல விட்டுட்டு வந்திருக்கியே, நீயா வாங்கிக் குடுத்த, போன சோங்க்ரான் புத்தாண்டுக்கு நான் மிளகாய் இடிச்சு வாங்கினது, இந்நேரம் அந்தப் பெரிய மேடம் மாட்டிட்டுத் தலைநகருக்கே போயிருப்பா, நீ போய்க் கேக்கப் போறியா, நீ எங்க கேக்கப் போற, கதவத் திறக்காதன்னா அங்கயே உக்கார்ற ஆளு நீ.”

ஒரே மூச்சு. நடுவில் கை நெஞ்சுக்குப் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கம்பான் உரித்த ஆரஞ்சை அவள் கையில் வைத்தான்.

“சரியாக் காதுல விழல,” என்றான். “இன்னொரு தடவ சொல்லு.”